ஒன்பது சென்டிமீட்டர் பட்டை

மாடுலர் கிச்சன் செய்கிற எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும், சுவரோரமாக ஒரே அகலத்தில் பட்டைகள் சாத்தியிருக்கும். கணக்கு அப்படி. எட்டுக்கு நாலு ஷீட் என்பது 2440க்கு 1220 மில்லிமீட்டர். மேடைக்குக் கீழே வரும் பெட்டியின் ஆழம் பெரும்பாலும் 560. அகலத்தில் இரண்டு 560 எடுத்து, ரம்பம் தின்பதையும் கழித்தால் எட்டடி நீளத்துக்கு ஒன்பது சென்டிமீட்டர் பட்டை ஒன்று மிஞ்சும். நீளத்தில் பெட்டியின் உயரத்துக்கு மூன்று 720 போனால், சாணுக்குச் சற்று மேலே இன்னொரு துண்டு. கோயம்புத்தூரில் எங்கள் பட்டறையிலும் இதே கதைதான். வேலை அதிகமான மாதங்களில் நடக்க வழியிருக்காது.

இந்த ஷீட், அதாவது பார்ட்டிகிள் போர்டு, மரமல்ல என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும். மரச்சிராயில் யூரியா பார்மால்டிஹைடு பசையைக் கலந்து சூட்டில் அழுத்திய பலகை. முகத்தில் பொடிச்சிராய், நடுவில் பருஞ்சிராய். அதனால் முகத்தில் முடுக்கிய ஸ்க்ரூ பிடிக்கும். ஓரத்தில் முடுக்கினால் வாய் பிளக்கும். தண்ணீர் பட்டால் ஊதிவிடும், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. 1930களில் ஜெர்மானியரான மாக்ஸ் ஹிம்மல்ஹேபர் இந்தப் பலகையை உருவாக்கியதே வீணாகிற மரத்தைப் பயன்படுத்தத்தான். கழிவில் பிறந்த பொருளுக்கும் கழிவு உண்டு, அது நம் தலையில் விடிகிறது.

மிச்சத்துண்டில் பூந்தொட்டி ஸ்டாண்டு, செருப்பு ரேக் செய்து தரச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். நான் செய்வதில்லை. இரண்டிலும் ஈரம் படும். ஒரு மழைக்காலம் தாண்டாது. சாமான் செய்யக் கூடாது, சாமான் செய்வதற்கான கருவியைச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. மரத்துண்டில் இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு: கோணாது, முறுக்காது. பேனல் ரம்பத்தில் அறுத்த துண்டென்றால் மூலையும் சுத்தமான மூலைமட்டத்தில் இருக்கும்.

டிராயர் சேனல் மாட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கச் சேனலும் வலது பக்கச் சேனலும் அரை நூல் ஏறி இறங்கினாலும் டிராயர் திக்கும். டேப் வைத்து இரண்டு பக்கமும் கோடு போடுவதைவிட, மேல் டிராயரின் உயரத்துக்கு ஒரு துண்டை அறுத்துப் பெட்டிக்குள் நிறுத்திவிடலாம். அதன் தலையில் சேனலை உட்காரவைத்து ஸ்க்ரூ போடுங்கள். அதே துண்டை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் அதே மாதிரி. முடிந்ததும் அந்தத் துண்டையே நடு டிராயர் அளவுக்குக் குறைத்து அறுங்கள். பிறகு கீழ் டிராயருக்கு. மேலிருந்து கீழே வரவேண்டும், அது மட்டும்தான் சூட்சுமம். அளக்காமலே மூன்று ஜோடியும் மட்டமாக நிற்கும்.

கதவில் ஆட்டோ ஹிஞ்சுக்கு 35 மில்லிமீட்டர் குழி எடுக்கவும் ஒரு துண்டில் அளவு ஓட்டை போட்டு வைத்திருக்கிறோம். மார்க்கரில் 'ஹிஞ்ச்' என்று பெரிதாக எழுதியிருக்கும். எழுதாவிட்டால் பையன்கள் அதையும் அறுத்துவிடுவார்கள். ஊடுருவ ஓட்டை போடும்போது அடியில் ஒரு துண்டை இறுக்கிப் பிடித்தால் மைக்கா தெறிக்காது. கிளாம்ப் போடும் இடத்திலும் மைக்கா ஒட்டிய துண்டுதான்: அழுத்தம் பரவும், வழிந்த பெவிகால் காய்ந்த பிறகு நகத்தாலேயே உரிந்து வரும்.

ஒன்பது சென்டிமீட்டர் பட்டைக்கு மட்டும் பெட்டியிலேயே வேலை இருக்கிறது. மேலே கிரானைட் வருவதால் கீழ்ப்பெட்டிக்கு முழு மூடி தேவையில்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று குறுக்குப் பட்டை போதும். பட்டையின் முனையில் முன்கூட்டியே ஓட்டை போட்டு, கன்ஃபர்மட் ஸ்க்ரூ முடுக்க வேண்டும். சிங்க் பெட்டிக்கு இது ஆகாது, அங்கே பிளைவுட்தான்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் வந்து, "ஏனுங் தம்பி, இந்தக் கட்டையெல்லாம் சும்மாதான கெடக்குது, தண்ணி காயவைக்க எடுத்துக்கட்டுங்களா?" என்றார்.

"அதுல பசை இருக்குதுங்க்கா, புகை ஆகாது. அந்த மூலைல வேப்பந்துண்டு கெடக்குது, எத்தன வேணுமோ எடுத்துக்கங்க."

பசையும் மேலே ஒட்டிய மெலமைனும் எரியும்போது பார்மால்டிஹைடும் இன்னும் சில நச்சு வாயுக்களும் வரும். பார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. அதனால் இதன் தூளை மாட்டுக்கொட்டகைக்கும் கொடுப்பதில்லை, தென்னைக்கும் போடுவதில்லை. மரத்தூள் மூட்டை தனி, இது தனி. உள்ளங்கையைவிடச் சிறிய துண்டும் தூளும் குப்பைக்குத்தான் போகின்றன. அதற்கு எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.