ஒரு ரூபாய் தீப்பெட்டி! 14 ஆண்டுகள் விலை ஏறாமல் பிழைத்தது எப்படி?

விடிந்ததும் அடுப்பு மூட்ட வேண்டும். பொழுது சாய்ந்ததும் சாமிக்கு விளக்கு ஏற்ற வேண்டும். மழை நாளில் மின்சாரம் போய்விட்டால் மெழுகுவர்த்தி கொளுத்த வேண்டும்.

அப்போதெல்லாம் கை தேடுவது எதை?

தீப்பெட்டியை!

அரிசி விலை ஏறியது. எண்ணெய் விலை ஏறியது. பருப்பு விலை ஏறியது. ஆனால் தீப்பெட்டி மட்டும் விலை ஏறாமலே இருந்தது. 2007-ம் ஆண்டில் அது 50 காசிலிருந்து ஒரு ரூபாய் ஆனது. 2021-ம் ஆண்டு நவம்பர் மாதம் முடியும் வரை அதே ஒரு ரூபாய்தான்!

வாங்குகிறவர்களுக்கு இது சந்தோஷம். செய்கிறவர்களுக்கு?

செலவு ஏறிக்கொண்டே போகிறது. விற்கும் விலை மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. இப்படி 14 ஆண்டுகள்! அந்தச் சிறு ஆலைகள் எப்படித் தாக்குப் பிடித்தன? சிறு தொழில் செய்யும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

கல்கத்தா போனார்கள்

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி - இவை வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி உண்டு, கம்பு உண்டு, சோளம் உண்டு. மழை பொய்த்தால் ஒன்றும் இல்லை.

இந்த ஊர்களுக்கு வேறு பிழைப்பு வேண்டும் என்று நினைத்தவர்கள் இரண்டு இளைஞர்கள். ஒருவர் அய்ய நாடார். மற்றவர் சண்முக நாடார். இருவரும் உறவினர்கள்.

1922-ம் ஆண்டில் இருவரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். ஊர் திரும்பி, சிவகாசியில் ஆலை தொடங்கினார்கள். முதலில் ஜெர்மனியில் இருந்து எந்திரம் வரவழைத்தார்கள். பிறகு, பெரும்பாலான வேலைகளைக் கையாலேயே செய்யலாம் என்று கண்டுகொண்டார்கள்.

அதே காலத்தில், சுவீடன் நாட்டாரின் "விம்கோ" கம்பெனி இந்தியாவில் தொழில் தொடங்கியது. அது பெரிய கம்பெனி. பெரிய முதல். பெரிய எந்திரங்கள்.

போதாக்குறைக்கு, 1930-களில் உலகமெங்கும் பணமுடை. 1934-ம் ஆண்டில் அரசாங்கம் தீப்பெட்டிக்குக் கலால் வரியும் போட்டது.

ஆனாலும் சிறு ஆலைகள் மடியவில்லை. குறைந்த முதல், கை வேலை - இவை இரண்டும் அவற்றைக் காப்பாற்றின. சுதந்திரத்துக்குப் பிறகு, கையால் செய்யும் சிறு ஆலைகளுக்கு அரசாங்கம் வரிச் சலுகையும் கொடுத்தது.

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். அதனால் சிவகாசியில் அச்சுத் தொழில் வளர்ந்தது. மருந்து கலக்கும் கை, பட்டாசும் செய்தது. ஒரு தொழில் இப்படி மூன்று தொழில் ஆயிற்று.

14 வகைப் பொருள்கள்

ஒரு தீக்குச்சியைப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஒரு தீப்பெட்டி செய்ய 14 வகைப் பொருள்கள் வேண்டும்!

மரத்தைச் சீவிக் குச்சி எடுக்க வேண்டும். குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். நுனியை மெழுகில் தோய்க்க வேண்டும். தீ பிடித்ததும் அணையாமல் எரிவதற்குத்தான் மெழுகு. அதன்பிறகு மருந்தில் முக்க வேண்டும்.

குச்சியின் தலையில் இருப்பது குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த மருந்து. பெட்டியின் பக்கத்தில் பூசியிருப்பது சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் உரசினால்தான் தீ. சட்டைப் பையில் வைத்தாலும் தானாகப் பற்றிக்கொள்ளாது.

இவை போக அட்டை, காகிதம், பசை, லேபிள், கூலி, லாரி வாடகை எல்லாம் உண்டு.

பெட்டி 50 காசு!

கடையில் ஒரு ரூபாய் கொடுத்தோமே, அது முழுவதும் ஆலைக்குப் போய்ச் சேர்ந்ததா?

இல்லை!

600 தீப்பெட்டிகள் சேர்ந்தது ஒரு பண்டல். 2021-ம் ஆண்டில் ஒரு பண்டலை ஆலைக்காரர்கள் 270 ரூபாய் முதல் 300 ரூபாய் வரை விலைக்குக் கொடுத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டி ஒன்றுக்குக் கிடைத்தது 45 காசு முதல் 50 காசுதான்!

அந்த ஆண்டில் மூலப்பொருள்களின் விலை தாவியது. கிலோ 425 ரூபாயாக இருந்த சிவப்பு பாஸ்பரஸ் 810 ரூபாய் ஆயிற்று. 58 ரூபாய் மெழுகு 80 ரூபாய் ஆயிற்று. வெளிப்பெட்டி அட்டை 36 ரூபாயில் இருந்து 55 ரூபாய்க்கும், உள்பெட்டி அட்டை 32 ரூபாயில் இருந்து 58 ரூபாய்க்கும் போயின.

50 காசுக்குள் இத்தனையும் அடங்க வேண்டும்!

ஏன் உயர்த்தவில்லை?

"விலையைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாமே?" என்று கேட்கலாம்.

அங்கேதான் இருந்தது சங்கடம்.

ஒரு பண்டலுக்கு 10 ரூபாய் செலவு கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டிக்கு ஒன்றே முக்கால் காசு கூடக் கூடவில்லை. அந்தக் காசைக் கடையில் எப்படி வாங்குவது? 25 காசு நாணயம் 2011-ம் ஆண்டு ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டது. 50 காசு செல்லும் என்றாலும், கடைகளில் புழக்கம் இல்லை. ஆகவே ஒரு ரூபாய்ப் பொருள் ஏறினால், ஒரே தாவாக 2 ரூபாய்க்குத்தான் ஏற முடியும்!

அப்படி ஒருவர் மட்டும் ஏற்றினால்? பக்கத்து ஆலைக்காரர் பழைய விலைக்கே கொடுப்பார். மொத்த வியாபாரி அவரிடம் போய்விடுவார். ஏற்றியவரின் சரக்கு குடோனில் தூங்கும்.

இதனால் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

இதற்கிடையே அடி மேல் அடி. 2016-ம் ஆண்டு நவம்பரில் 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. 2017-ம் ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம் வரி. மற்றவற்றுக்கு 18 சதவீதம். வேலையைச் சுலபமாக்க எந்திரம் வாங்கி வைத்த சிறு முதலாளிகள் திண்டாடிப் போனார்கள். 2020-ம் ஆண்டு ஏப்ரலில் எல்லாவற்றுக்கும் 12 சதவீதம் என்று ஆயிற்று. அப்போது கொரோனா ஊரடங்கு!

செய்யக்கூடாத சிக்கனம்

கஷ்ட காலத்தில் எதைக் குறைப்பது? முதலாளி தன் வீட்டுச் செலவைக் குறைக்கலாம். சரக்கு வீணாவதைக் குறைக்கலாம். கடனைக் குறைக்கலாம்.

ஆனால் இந்தத் தொழிலில் ஒரு காலத்தில் வேறொன்று நடந்தது. கூலியைக் குறைக்கக் குழந்தைகளை வேலைக்கு வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சிலேட்டுப் பிடிக்க வேண்டிய கைகள் குச்சி அடுக்கின. சிவகாசிக்கு அது பெரிய கெட்ட பெயர்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996-ம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். அந்தப் பணம் குழந்தையின் நலனுக்குப் போக வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது.

பிள்ளைகளின் படிப்பை எரித்து அடுப்பு மூட்டினால், அந்த அடுப்பு எத்தனை நாள் எரியும்?

ஒன்று கூடினார்கள்

2021-ம் ஆண்டு அக்டோபரில் ஆலைக்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தனித்தனியாகப் புலம்பிப் பயன் இல்லை என்று உணர்ந்தார்கள். ஐந்து முக்கிய தீப்பெட்டிச் சங்கங்களின் பிரதிநிதிகள் சிவகாசியில் கூடிப் பேசினார்கள்.

டிசம்பர் 1-ந் தேதி முதல் தீப்பெட்டி 2 ரூபாய் என்று முடிவாயிற்று. எல்லோருக்கும் ஒரே நாள்! ஒரே விலை!

வாங்குகிறவர்களையும் அவர்கள் மறக்கவில்லை. ஒரு ரூபாய்ப் பெட்டியில் 36 குச்சிகள் இருந்தன. 2 ரூபாய்ப் பெட்டியில் 50 குச்சிகள் என்று சொன்னார்கள். விலை இரண்டு மடங்கு ஆனாலும், குச்சிக் கணக்கில் பார்த்தால் அவ்வளவு ஏறவில்லை. முன்பு ஒரு குச்சி 3 காசுக்குக் கொஞ்சம் குறைவு. பிறகு 4 காசு.

ஏன் ஏற்றுகிறோம் என்பதையும் கணக்கோடு பத்திரிகைகளில் சொன்னார்கள். "பாஸ்பரஸ் இவ்வளவு, மெழுகு இவ்வளவு, அட்டை இவ்வளவு" என்று பட்டியல் போட்டார்கள். ஒளிவு மறைவு இல்லை.

இந்தத் தொழிலை நம்பிச் சுமார் 4 லட்சம் பேர் இருப்பதாகவும், அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள் என்றும் அப்போது கூறப்பட்டது. அந்த 2 ரூபாயில் ஒரு தாயின் கூலி இருந்தது. அவள் மகளின் பள்ளிக்கூடப் பையும் இருந்தது.

லைட்டர் வந்தது

கஷ்டம் அத்தோடு தீர்ந்ததா?

இல்லை. வெளிநாட்டில் இருந்து மலிவு விலையில் சிகரெட் லைட்டர்கள் வந்து குவிந்தன. ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிகளுக்குச் சமம் என்று எடுத்துக்காட்டி, அதைத் தடுக்கும்படி 2022-ம் ஆண்டில் முதல்-அமைச்சர் மு.க. ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை விதித்தது.

இந்தக் கோரிக்கையும் ஒரு முதலாளியின் தனிக்குரலாக இருந்திருந்தால் டில்லி வரை கேட்டிருக்குமா?

நமக்கு என்ன?

இட்லிக் கடை வைத்திருப்பவருக்கும் இதே கஷ்டம்தான். தையற்காரருக்கும் இதே கஷ்டம்தான். செலவு கூடும்போது விலையைக் கூட்டப் பயம், கூட்டாவிட்டால் நஷ்டம்.

முதலில், ஒரு இட்லிக்கு எவ்வளவு செலவு, ஒரு சட்டைக்கு எவ்வளவு செலவு என்று காசு காசாகக் கணக்கு எழுத வேண்டும். பக்கத்துக் கடைக்காரரை எதிரியாக நினைக்காமல் கலந்து பேச வேண்டும். விலையை ஏற்றினால், காரணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். வாங்குகிறவருக்கும் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டும்.

ஒரு தீக்குச்சியைச் சின்னப் பிள்ளையும் ஒடித்துவிடும். பெட்டி நிறையக் குச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து ஒடித்துப் பாருங்கள்!