கறுப்பு வெள்ளையில் ஒரு கடற்கரைப் பிள்ளை

கண்டக்குழிக் கடற்கரையில் சிவப்புச் சட்டையுடன் நின்ற தம்பியைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்தேன். பச்சைக் கடலோடு சட்டையும் கலந்துபோயிருந்தது. நிறம் போனபின் எஞ்சுவது வெளிச்சத்தின் அளவு மட்டுமே. சிவப்பும் பச்சையும் ஒரே அளவு வெளிச்சத்தைத் தந்தால் இரண்டும் ஒரே சாம்பல்தான்.

கொழும்பில் பிறந்த லயனல் வென்ட் (1900–1944) இலங்கை மக்களைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர். ஒளியும் நிழலுமே அவருக்கு வர்ணங்கள்.

எங்கள் கரை மேற்கு நோக்கியது. அஸருக்குப் பின் சூரியன் கடல் பக்கம் சாயும்போது தண்ணீர் வெள்ளியாய் மின்னும். அதன் முன்னே பிள்ளை கரிய உருவமாய்த் துலங்கும். அடிவானக் கோடு கழுத்தை வெட்டக்கூடாது. சமமான மணலில் கமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்திலேயே அக்கோடு பிள்ளையின் உடலைக் கடக்கும். ஆகவே முழந்தாளிட்டு, கமராவைப் பிள்ளையின் இடுப்பளவில் பிடியுங்கள். தலை வானத்தில் தனித்து நிற்கும்.

"பிள்ளையின் முகத்தை ஊருக்கெல்லாம் அனுப்பாதே" என்று உம்மா முதல் படத்தைத் தடுத்தார். இரண்டாவது படத்தில் முகமே தெரியவில்லை. நிற்கும் விதத்தைப் பார்த்து, "நம்ம தம்பி" என்று சிரித்தார். அந்நியருக்கு அது யாரோ ஒரு பிள்ளை. பிறர் பிள்ளையானால், முதலில் பெற்றோரிடம் கேளுங்கள். கமராவைப் பிறகு எடுங்கள்.