கட்டடக்கலைத் தோற்றப்படம்

கட்டடக்கலைத் தோற்றப்படம் என்பது இன்னும் கட்டப்படாத கட்டடம் எப்படித் தெரியும் என்பதைக் காட்டும் படமாகும். ஸ்கெட்ச்அப் போன்ற மென்பொருளில் முப்பரிமாண மாதிரியை உருவாக்கி, வி-ரே மூலம் படமாக்குவர். இடம், நாள், நேரம் ஆகியவற்றைக் கொடுத்தால் வெயிலும் நிழலும் அதற்கேற்ப விழும்.

பின்னர் ஃபோட்டோஷாப்பில் வானம், மரங்கள், மனித உருவங்கள் சேர்க்கப்படுகின்றன. தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நுழைகின்றன. ஒட்டிய மரத்தின் நிழல் கட்டடத்தின் நிழலுக்கு எதிர்ப்பக்கம் விழுந்தால் படம் பொய்யாகத் தெரியும். நிழலைத் தனி அடுக்கில் மல்டிப்ளை முறையில் வைத்தால் தரையின் நிறம் மறையாது. மனித அளவு இன்னும் முக்கியம். வீடு வாங்குபவர் பலர் இப்படத்தை நம்பியே முன்பணம் கட்டுகின்றனர். கண்மட்டக் காட்சியில், சமதரையில் நிற்கும் பெரியவர்களின் தலைகள், அருகிலோ தொலைவிலோ, ஏறத்தாழ அடிவான மட்டத்திலேயே அமையவேண்டும். ஆளைச் சிறிதாக்கி ஒட்டினால், பத்தடி அறையும் கூடம்போலத் தோன்றும்.