தொட்டி மீன் நோய்ப்பட்டால் யாரிடம் போவது?

வேப்பம்பட்டிலும் திருநின்றவூரிலும் மீன் வளர்ப்பவர்கள் முதலில் பக்கத்துக் கடையில் ஒரு ஜோடி கோல்டு ஃபிஷ் வாங்குவார்கள். ஆர்வம் கூடினால் மீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்கு வண்டியை எடுப்பார்கள். மீன் சுணங்கிப் படுத்தாலும் அதே கடை வாசலில்தான் போய் நிற்கிறோம். விற்றவரே வைத்தியராகவும் ஆகிவிடுகிறார். ஒரு நீல பாட்டில், ஒரு மஞ்சள் பொடி, கேட்டால் மாத்திரை உறையில் நாலு கேப்சூல். மீனைப் பார்க்காமல், தண்ணீரைச் சோதிக்காமல் தரப்படும் இந்த மருந்துகளால் பிழைக்கும் மீன்களைவிடச் சாகும் மீன்கள் அதிகம் என்பதே என் எண்ணம்.

மீன் சத்தம் போடாது. ஆனால் உடம்பு சரியில்லை என்பதை நாம் நினைப்பதற்கு முன்பே காட்டிவிடும். தீனி போட்டதும் ஓடிவராமல் மூலையில் நிற்பது, துடுப்பை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்வது, கல்லிலோ கண்ணாடியிலோ உடலை உரசுவது, நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது, செவுள் வழக்கத்தைவிட வேகமாக அடிப்பது ஆகியவை முதல் அறிகுறிகள். புள்ளியும் புண்ணும் பிறகுதான் வரும். தினமும் தீனி போடும் நேரத்தில் ஒரு நிமிடம் கூடுதலாக நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இவை தப்பாது.

இந்த அறிகுறிகளைப் பார்த்ததும் கை மருந்துக்குப் போகக் கூடாது. முதலில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா உருவாகிறது. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பில்டர் பஞ்சிலும் கற்களிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சனிக்கிழமை தொட்டி வாங்கி ஞாயிற்றுக்கிழமை பத்து மீன் விடும் வீட்டில் அடுத்தடுத்து மீன் சாவது இதனால்தான். அது தொற்றுநோய் அல்ல. பிஎச் அளவு 7-லிருந்து 8-க்கு ஏறினால், அதே தண்ணீரில் உள்ள அம்மோனியாவின் நச்சுப் பகுதி ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும். ஆகவே போர் தண்ணீர் பயன்படுத்துகிறவர்கள் பிஎச் அளவைத் தெரிந்துவைத்துக்கொள்வது கட்டாயம். போர் தண்ணீரை நேராக ஊற்றாமல், ஓர் இரவு வாளியில் ஏர் ஸ்டோன் ஓடவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். நிலத்தடி நீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே இருக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கி சேர்த்தாக வேண்டும்.

அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் காட்டும் சொட்டு முறை டெஸ்ட் கிட் மீன் கடைகளிலேயே கிடைக்கிறது. இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கால் பங்கு முதல் பாதி வரை தண்ணீரை மாற்றி, தீனியை ஓரிரு நாள் நிறுத்தி, காற்றைக் கூட்டுங்கள். பில்டர் பஞ்சைக் குழாயடியில் கசக்கிக் கழுவினால் நல்ல பாக்டீரியாவும் அதோடு போய்விடும்; தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும்.

தண்ணீர் சரியாக இருந்தும் மீன் தேறவில்லை என்றால் நோயைப் பார்க்கலாம். நம் பக்கத்தில் அடிக்கடி வருவது வெள்ளைப் புள்ளி நோய். மழைக்காலத்தில் தண்ணீரின் சூடு சட்டென்று இறங்கும்போது, உப்புத் தூவியதுபோல் உடலெங்கும் புள்ளிகள் தெரியும். இது ஓர் ஒட்டுண்ணி. தோலுக்கு அடியில் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. உதிர்ந்து, பெருகி, புதிய மீனைத் தேடி நீந்தும் பருவத்தில்தான் சாகும். அதனால் புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்தினால் நோய் திரும்ப வரும். லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கல்லுப்பைத் தனியாகக் கரைத்து, ஒரே நாளில் கொட்டாமல் தவணையாகச் சேர்த்து, ஹீட்டர் வைத்து 30 டிகிரி வரை மெல்ல ஏற்றி, பத்து நாளாவது தொடருங்கள். சூடு ஏறினால் ஆக்ஸிஜன் குறையும், காற்றைக் கூட்ட மறக்காதீர்கள். கோரிடோராஸ் போன்ற கெளுத்தி வகைகளும் செடிகளும் உப்பைத் தாங்காது.

வாயோரம் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்தால் பலர் அதைப் பூஞ்சை என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. அதற்குச் சூட்டை ஏற்றினால் நோய் இன்னும் வேகமெடுக்கும். ஒரு நோய்க்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷமாகும் என்பதால்தான், என்ன நோய் என்று தெரியாமல் மருந்து ஊற்றாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயிறு உப்பி, செதில்கள் சிலிர்த்து நிற்கும் நிலை வந்த மீன் பிழைப்பது அரிது.

கடையில் தரும் கேப்சூல் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் 'மருந்து' என்பதில் விலங்குகளுக்குத் தரப்படுவதும் அடங்கும். டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. மருந்து உரிமம் இல்லாத மீன் கடை விற்கவே முடியாது. அரைகுறை அளவில் தொட்டியில் கொட்டப்படும் ஆன்டிபயாட்டிக் நல்ல பாக்டீரியாவைக் கொல்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்து, சாக்கடை வழியாக ஊருக்குள் விடுகிறது.

அப்படியானால் யாரிடம் கேட்பது? நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரின நல ஆய்வகம் மாதவரத்தில் இருக்கிறது. போகும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். நோயுற்ற மீனை உயிரோடு, ஆக்ஸிஜன் அடைத்த பையில் கொண்டுபோவது நல்லது. தொட்டித் தண்ணீரையும் தனிப் பாட்டிலில் எடுத்துச் செல்லுங்கள். செத்து நேரமாகி நம் வெயிலில் அழுகிய மீனை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. நிறைய மீன் வைத்து வியாபாரமோ பண்ணையோ நடத்துகிறவர்களுக்கு, மத்திய மீன்வளத் துறை 2023-இல் தொடங்கிய 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' செயலியும் இருக்கிறது.

வாங்கிய இரண்டாம் நாளே மீன் செத்தால்? 'உயிருள்ள பொருளுக்கு கேரண்டி கிடையாது' என்பது கடைகளில் வழக்கமாகக் கேட்கும் பதில். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சரக்கு' என்பது அசையும் பொருள் எல்லாவற்றையும் குறிக்கும்; ஆகவே மீனும் அதில் அடங்கும். பில் தர மறுப்பதும், பில்லில் காலக்கெடு குறிப்பிடாதபோது குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது. கொளத்தூரில் வாங்கியிருந்தாலும் கொல்கத்தாவிலிருந்து வரவழைத்திருந்தாலும், வேப்பம்பட்டுக்காரர் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. முதல் படியாக 1915 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

ஐம்பது ரூபாய் கப்பிக்கு யாரும் ஆணையம் ஏறப்போவதில்லை. ஆனால் ஃபிளவர்ஹார்னுக்கும் கோய்க்கும் ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் பில்லைக் கேட்டு வாங்க வேண்டும். பையைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து, அன்றைய தண்ணீர் அளவுகளைக் குறித்துவைக்க வேண்டும். உங்கள் தொட்டித் தண்ணீரால்தான் செத்தது என்று கடை சொன்னால், கையில் இருக்கும் அந்த அளவுகள்தான் பதில். புதிய மீனை இரண்டிலிருந்து நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது கடைக்குப் பதில் சொல்லவும் உதவும், பழைய மீன்களையும் காக்கும்.

கடையில் மீன்கள் படும் பாட்டைக் கேட்கச் சட்டம் போதவில்லை. மீன் தொட்டிக் கடைகளுக்கென 2017-இல் கொண்டுவந்த விதிகள் அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டன. 2018-இன் செல்லப்பிராணிக் கடை விதிகள் வளர்ப்பு விலங்கு என்று பட்டியலிடுவதில் நாய், பூனை, பறவைகள் உண்டு, மீன் இல்லை. 1960-இன் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் மட்டும் மனிதரைத் தவிர்த்த எல்லா உயிரையும் விலங்கு என்கிறது. மீன்களுக்கென்று தனி விதி மீண்டும் வர வேண்டும். கடைக்காரர்களையும் பண்ணைக் குடும்பங்களையும் உட்காரவைத்துப் பேசி, அவர்கள் நிறைவேற்றக்கூடியதாக வர வேண்டும்.

நம் உடம்பையும் கவனிக்க வேண்டும். மீன்களுக்குக் காசம் போன்ற நோயைத் தரும் மைக்கோபாக்டீரியம் மெரினம் என்ற கிருமி, கையிலுள்ள சின்னக் கீறல் வழியே மனிதருக்கும் வரும். வாரக்கணக்கில் ஆறாத முடிச்சாக, புண்ணாக நிற்கும். கையுறை போடுங்கள், குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்காதீர்கள். ஆறாத புண்ணோடு டாக்டரிடம் போனால், வீட்டில் மீன் தொட்டி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்கத் தோன்றாமல் போகலாம்.

தேறாத மீனை உயிரோடு கழிப்பறையில் விடுவதும் ஃப்ரீசரில் வைப்பதும் கொடுமை. மருந்துக் கடையில் கிடைக்கும் கிராம்பு எண்ணெயை, லிட்டருக்கு அரை மில்லி என்ற அளவில், சிறிது வெதுவெதுப்பான நீரில் குலுக்கிக் கரைத்து, மீன் இருக்கும் வாளியில் சேர்த்தால் அது மயங்கி வலியின்றி அடங்கும். செவுள் அசைவு நின்ற பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் அப்படியே விட்டு, மண்ணில் புதைத்துவிடுங்கள். அலுத்துப்போன மீனையோ நோய்ப்பட்ட மீனையோ திருநின்றவூர் ஏரியிலோ வேறு எந்த நீர்நிலையிலோ விடக் கூடாது. தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் மீன்கள் இப்படித்தான் நம் ஏரிகளில் பெருகி, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்து, மீனவர்களின் வலைகளையும் கிழித்துக்கொண்டிருக்கின்றன.