அப்பா பார்த்த கோல்

உலகிலேயே தலைசிறந்த கால்பந்து வீரர் யார் என்று எந்த டீக்கடையில் கேட்டாலும், பதிலுக்கு முன்னால் சண்டை வந்துவிடும். இந்தத் தீராத வழக்கை நினைவாற்றல் ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் ஸ்டீவ் யான்சன், டேவிட் ரூபின், மார்ட்டின் கான்வே என்ற மூன்று உளவியலாளர்கள். நெதர்லாந்துக்காரர்கள் 619 பேரிடம், எல்லாக் காலத்துக்குமான ஐந்து சிறந்த வீரர்களின் பெயரைக் கேட்டார்கள். 2012-இல் முடிவு வெளியானது. யோஹான் க்ரைஃப், பெலே, மரடோனா ஆகிய மூவரும்தான் பலருடைய பட்டியலிலும் இருந்தார்கள். அதில் வியப்பொன்றும் இல்லை. ஆனால் பதில் சொன்னவர்களின் வயதோடு பெயர்களைப் பொருத்திப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அவரவர் விடலைப் பருவத்தில் எந்த வீரர் தன் ஆட்ட வாழ்க்கையின் நடுக்கட்டத்தில் இருந்தாரோ, அவரையே அடிக்கடி சொல்லியிருந்தார்கள். அதிகம் பேருக்குப் பொருந்திய வயது 17.

ஒரு முதியவரைத் தன் கதையைச் சொல்லச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவைதான் கொட்டிக்கொண்டு வரும். உளவியலாளர்கள் இதை நினைவின் மேடு என்கிறார்கள். முதல் வேலை, முதல் காதல், முதல் தனிப் பயணம் எல்லாம் அமைவது அந்த வயதில்தான். நாம் யார் என்பதும் ஏறக்குறைய அப்போதுதான் முடிவாகிறது. மனம் படபடக்கும்போது சுரக்கும் நார்அட்ரினலின், மூளையில் பாதாம்பருப்பு அளவே உள்ள அமிக்டலாவை முடுக்கிவிடுகிறது. அது பக்கத்திலிருக்கும் ஹிப்போகேம்பஸில் பதியும் நினைவை இன்னும் ஆழமாக்குகிறது.

1986 ஜூன் 22 அன்று என் அப்பாவுக்குப் பதினேழு வயது. மெக்சிகோ சிட்டியின் ஆஸ்டெக்கா மைதானத்தில் நண்பகலில் தொடங்கிய அர்ஜென்டினா - இங்கிலாந்து உலகக் கோப்பைக் காலிறுதி, வியாசர்பாடிக்கு இரவு பதினொன்றரை மணி ஆட்டம். டி.வி. இருந்த வீட்டு ஜன்னலில், முன்னால் நின்றவர்களின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துத்தான் அதை முழுக்கப் பார்த்தார். 55-ஆவது நிமிடத்தில் மரடோனா தன் பாதியிலேயே பந்தை வாங்கி, சுமார் அறுபது மீட்டர் தனியாக ஓடி கோல் அடித்தார். 2002-இல் ஃபிஃபா நடத்திய வாக்கெடுப்பில் நூற்றாண்டின் கோல் என்று தேர்வானது அதுதான்.

நான் பிறந்தது ஒன்பது ஆண்டுகள் கழித்து. ஆனாலும் யூடியூப் வருவதற்கு முன்பே எனக்கு அந்தக் கோல் அத்துப்படி. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பா எவர்சில்வர் டம்ளர்களைத் தரையில் பரப்புவார். பந்துக்கு ஒரு புளியங்கொட்டை. கோல்கீப்பர் ஷில்டனுக்கு மட்டும் சொம்பு. "இவன் பியர்ட்ஸ்லி. இவன் ரீட். இவன் புட்சர், இவன ரெண்டு வாட்டி ஏமாத்துவான் பாருடா" என்று புளியங்கொட்டையை ஒற்றை விரலால் நகர்த்திக்கொண்டே வருவார். சொம்பை நெருங்கும்போது குரல் தாழ்ந்துவிடும். கோல் என்று கத்த மாட்டார். கொட்டையைச் சுவரோரம் தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

நான் பார்க்காத ஒன்று எப்படி எனக்கு நினைவாக இருக்க முடியும்? அப்பா காலமான பிறகு இந்தக் கேள்வி என்னை விடவில்லை. 2017-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஊரி ஹாசன் ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு கட்டுரையில்தான் எனக்கு ஏற்ற பதில் கிடைத்தது. 'ஷெர்லாக்', 'மெர்லின்' தொலைக்காட்சித் தொடர்களின் ஒரு பகுதியைச் சிலருக்குக் காட்டி, அவர்களுடைய மூளைச் செயல்பாட்டை ஸ்கேனில் பதிந்தார்கள். பார்த்தவர் அதைக் கதையாகச் சொன்னபோது மறுபடி பதிந்தார்கள். தொடரைப் பார்த்தே இராதவர்கள் அந்தக் கதையைக் கேட்டபோதும் பதிந்தார்கள். பார்த்தவர், சொன்னவர், கேட்டவர் மூவரின் மூளையிலும், சில பகுதிகளில், காட்சிக்குக் காட்சி ஒத்துப்போகும் வடிவங்கள் தெரிந்தன. அந்த ஒப்புமை கூடக் கூட, கதை நன்றாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அப்படியென்றால் ஆஸ்டெக்காவின் அந்தப் பத்து விநாடிகள் என் மூளையில் அப்பா போட்ட வடிவத்தில் இன்றும் இருக்கின்றன என்று நான் நம்புவதில் தவறில்லை.

அப்படியே அச்சாக இருக்கின்றன என்று சொல்ல முடியாது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், ஷில்டனையும் சேர்த்து மரடோனா ஏமாற்றியது ஐந்து பேரை. அப்பாவின் கணக்கில் ஏழு பேர். 2000-இல் கரீம் நாதர், ஜோசஃப் லெடூ குழுவினர் எலிகளிடம் காட்டியதை வைத்து இதைப் புரிந்துகொள்கிறேன். பழைய நினைவு ஒன்றை மீட்டெடுக்கும்போது அது சற்று நேரம் இளகிவிடுகிறது. மறுபடி இறுகுவதற்குப் புதிய புரதங்கள் தேவைப்படுகின்றன. அந்தப் புரதங்கள் உருவாகாமல் அமிக்டலாவில் தடுத்தபோது, எலிகள் முன்பு கற்றிருந்த பயமே போய்விட்டது. அதாவது அப்பா டம்ளர்களைப் பரப்பிய ஒவ்வோர் இரவும் அந்தக் கோல் புதிதாகவே எழுதப்பட்டிருக்கலாம். கூடுதலாக இரண்டு பேர் அந்த வழியில்தான் உள்ளே வந்திருக்க வேண்டும்.

நெதர்லாந்து ஆய்வின்படி என் வீரர் மெஸ்ஸியாக இருக்க வேண்டும். எனக்குப் பதினேழு வயதான 2012-இல்தான் அவர் ஒரே ஆண்டில் 91 கோல் அடித்தார். ஆனால் என் வாயில் முதலில் வரும் பெயர் மரடோனா. இதே விந்தையை இசையில் கண்டவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் க்ரும்ஹான்சல். 1955 முதல் 2009 வரையிலான அமெரிக்க ஹிட் பாடல்களை இருபது வயதையொட்டிய இளைஞர்களுக்கு அவர் போட்டுக் காட்டினார். பெற்றோர் இளைஞர்களாக இருந்த 1980-களின் தொடக்கத்துப் பாடல்களிலும் அவர்களுக்குத் தனி ஒட்டுதல் தெரிந்தது. வீட்டில் பெற்றோர் கேட்டதைக் கேட்டே வளர்ந்ததால் வந்தது அது. 1960-களின் பாடல்களுக்கும் ஒரு மேடு எழுந்தது. தாத்தா பாட்டி காலத்துப் பாட்டு அது. அந்தப் பாடல்களின் தரமும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். எனக்கோ தாத்தா பாட்டி என்று நம்பத்தான் ஆசை.

என் அக்கா மகனுக்கு எட்டு வயது. தாத்தாவை அவன் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுத் தரையில் டம்ளர் பரப்பி நான் சொன்ன கதைதான் அவனுக்குத் தெரியும். மரடோனா ஏழு பேரைத் தாண்டினார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். போன வாரம் அந்த வீடியோவை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இதுல ரெண்டு பேர வெட்டிட்டாங்க மாமா" என்றான்.