மலைவாழையை அழிக்கும் முடிக்கொத்து நோய்: கண்ணுக்கு தெரியும் முன்பே காட்டிக்கொடுக்கும் டெஸ்ட்!

திண்டுக்கல்:

பழனி பஞ்சாமிர்தத்துக்கு தனி ருசி கொடுப்பது விருப்பாட்சி மலைவாழை. 1970-களில் கொடைக்கானல் கீழ்மலையில் சுமார் 18 ஆயிரம் எக்டேரில் இருந்த மலைவாழை, பின்னர் 2 ஆயிரம் எக்டேர் அளவுக்கு சுருங்கிப் போனது. முக்கிய காரணம், முடிக்கொத்து நோய்.

இது வைரசால் வருகிறது. 1940-ல் இலங்கையில் இருந்து கேரளாவுக்குள் நுழைந்தது. நோய் தாக்கிய வாழையில் இலைகள் சிறுத்து, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். குலை தள்ளாது. மருந்தும் கிடையாது. மரத்தை கிழங்கோடு தோண்டி அழிப்பதுதான் ஒரே வழி.

கன்றிலேயே ஆபத்து

வைரஸ் புகுந்த பிறகும் பல வாரங்கள் வாழை ஜம்முனு பச்சையாகத்தான் நிற்கும். 'நல்லாத்தானே இருக்கு' என்று அதன் பக்கக்கன்றை பெயர்த்து அடுத்த தோட்டத்தில் நட்டால், அவ்வளவுதான். நோயும் கூடவே போய்விடும். மிச்சத்தை அசுவினி பூச்சி பார்த்துக்கொள்ளும்.

டெஸ்ட் எப்படி?

இங்கேதான் பி.சி.ஆர். சோதனை கைகொடுக்கிறது. கொரோனா நேரத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, கிட்டத்தட்ட அதே முறைதான். இலையில் சிறு துண்டை வெட்டி அரைத்து, அதில் இருந்து டி.என்.ஏ.வை பிரிக்கிறார்கள். வைரசின் டி.என்.ஏ.வில் மட்டும் போய் ஒட்டும் 'பிரைமர்' சேர்த்து, மெஷினில் மாறி மாறி சூடேற்றி ஆற வைக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் வைரஸ் துண்டு இரண்டு மடங்காகும். 30 சுற்றில் ஒன்று 100 கோடியை தாண்டிவிடும். அதனால் துளி வைரஸ் இருந்தாலும் மாட்டிக்கொள்ளும்.

திசு வளர்ப்பு கன்று என்றாலே நோய் இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. தாய் மரத்தில் வைரஸ் இருந்தால், அதில் இருந்து வரும் ஆயிரக்கணக்கான கன்றுகளிலும் இருக்கும். இதற்காகவே மத்திய உயிரி தொழில்நுட்பத்துறை 2006-ல் திசு வளர்ப்பு கன்றுகளுக்கு சான்றிதழ் முறையை கொண்டு வந்தது. முடிக்கொத்து உள்பட 4 வைரஸ்களுக்கு சோதனை நடக்கிறது. திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலும் இந்த சோதனை வசதி உள்ளது.

எனவே கன்று வாங்கும்போது விலையை மட்டும் கேட்காமல், வைரஸ் சோதனை சான்றிதழையும் கேட்டு வாங்க வேண்டும். நட்ட பிறகும் அசுவினி மேல் ஒரு கண் இருக்கட்டும். சான்றிதழ், பூச்சியை தடுக்காது!