பேப்பர் போட்ட பிறகு ‘சம்பளம் ஏத்தித் தர்றோம்’ என்றால் இருக்கலாமா?

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து ஊர்களிலிருந்து தினமும் கழக்கூட்டம் டெக்னோபார்க் போய் வருகிறீர்கள். வேறு வேலை கிடைத்து ராஜினாமா கடிதமும் கொடுத்தாச்சு. மறுநாளே மேனேஜர் கூப்பிட்டு, “30% ஏத்தித் தர்றோம், இருங்க” என்கிறார். என்ன செய்யலாம்?

ஏன் பேப்பர் போட்டீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். சம்பளம் மட்டும்தான் பிரச்னை என்றால் பேசிப் பார்க்கலாம். ஆனால் கழக்கூட்டம் - காரோடு பைபாஸ் மட்டுமே சுமார் 43 கிலோமீட்டர். அந்த அலைச்சல் தாங்காமல் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலையைத் தேடியவருக்கு, 30% ஹைக் ஒரு கிலோமீட்டரைக்கூடக் குறைக்காது.

இருப்பதற்கு உருப்படியான காரணம் ஒன்று உண்டு: கிராஜுவிட்டி. நிரந்தர ஊழியர் ராஜினாமா செய்தால், பொதுவாக 5 ஆண்டு தொடர் பணி வேண்டும். ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. கடைசி பேசிக் 40,000 ரூபாய் என்றால், 5 ஆண்டுக்கு சுமார் 1.15 லட்சம். நான்கரை ஆண்டில் கிளம்பினால் அது போச்சு. (“நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்பது காரணமே இல்லை.)

அந்த 30% எதில் ஏறுகிறது? பேசிக்கிலா, வேரியபிள் பேயிலா? அடுத்த அப்ரைசலையும் சேர்த்துத்தானா? கூச்சப்படாமல் கேளுங்கள்.

புதிய சம்பளம், எந்த மாதம் முதல், ராஜினாமா வாபஸை ஏற்றது எல்லாமே ஹெச்.ஆர். மெயிலில் வரட்டும். அதுவரை புதிய கம்பெனியிடம் “வரலை” என்று சொல்லாதீர்கள். வந்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர்களும் ஆள் தேட வேண்டும்.